பழைய ஏவியானிக்ஸ் (விமான மின்னணு) கருவிகளை விற்பதா, மாற்றாகக் கொடுப்பதா? டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்தில் நிற்கும் 1978ஆம் ஆண்டு செஸ்னா 172

வெருலம் வானோடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மைத்துனரும் சேர்ந்து 1978ஆம் ஆண்டில் தயாரான செஸ்னா 172என் விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வடக்கில் கடற்கரையை ஒட்டியுள்ள வர்ஜீனியா விமான நிலையத்தில், கூரை மட்டும் இருந்து கதவில்லாத ஒரு கொட்டகையில் அது நிற்கிறது. வானிலை ஒத்துழைக்கும் வார இறுதிகளில் மார்கேட் வரையிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரையிலோ போய் வருவதே எங்கள் வழக்கம். வணிகப் பயன்பாடு எதுவும் இல்லை.

இந்த ஆண்டு கட்டாயப் பருவ ஆய்வுக்கு, அதாவது எம்பிஐ-க்கு, விமானத்தைக் கொடுக்கும்போதே பேனலையும், அதாவது விமானியின் முன்னுள்ள கருவிப் பலகையையும், புதுப்பித்துவிடலாம் என்று முடிவு செய்துள்ளோம். ஜிபிஎஸ் வழிகாட்டியும் வானொலியும் சேர்ந்த கார்மின் ஜிடிஎன் 650எக்ஸ்ஐ ஒன்றும், ரேடாருக்கு விமானத்தின் அடையாளத்தைப் பதிலாக அனுப்பும் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர் ஒன்றும், காற்றுறிஞ்சலால் இயங்கும் வேக்குவம் கருவிகளுக்குப் பதிலாக இரண்டு மின்னணுக் கருவிகளும் வரவிருக்கின்றன. அவற்றுக்கு இடம்விட்டு வெளியே வரப்போகிறவை: ஜிடிஎன் போன்றே ஆனால் பழைய தலைமுறையான ஒரு ஜிஎன்எஸ் 430டபிள்யூ, ஒரு பெண்டிக்ஸ் கிங் கேஎக்ஸ் 155 வானொலியும் அதனோடு இணைந்த கேஐ 209 காட்டியும், ஒரு கேடி 76ஏ டிரான்ஸ்பாண்டர், ஒரு கேஆர் 87 ஏடிஎஃப் (தரை வானொலி நிலையத்தின் திசையைக் காட்டும் கருவி). அனைத்தும் இன்றைய நிலையில் வேலை செய்கின்றன. கேஎக்ஸ் 155-இன் திரையில் மட்டும் ஓர் எண் சற்று மங்கலாகத் தெரிகிறது.

வேலையைச் செய்யப்போகும் நிறுவனம் இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகைக்கு எடுத்துக்கொண்டு பில்லில் கழித்துவிடுவதாகச் சொல்கிறது. மைத்துனரோ, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமெரிக்க இணைய ஏலத்தில் போட்டால் அதைவிட நன்றாகக் கிடைக்கும் என்கிறார். இதற்கிடையில் எஞ்சினைப் பற்றிய கவலையும் இருக்கிறது. கடைசி ஓவர்ஹாலுக்கு (முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்தலுக்கு) பின் ஓடிய மணிநேரம் குறைவுதான் என்றாலும், அந்த ஓவர்ஹால் நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. விற்று வரும் பணத்தைப் பேனலிலேயே போடுவதா, எஞ்சினுக்கு ஒதுக்கி வைப்பதா என்று எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம், எப்படி விற்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

---

ஜெர்மிஸ்டன் மின்னணு எழுதியது:

வணக்கம் ஐயா. ரேண்ட் விமான நிலையத்தில் நெடுங்காலமாக ஏவியானிக்ஸ் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் வேலையைச் செய்யப்போகும் நிறுவனம் எது என்று எனக்குத் தெரியாது. ஆகவே யார் பக்கமும் நின்று பேசவில்லை.

எங்கே விற்பது என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். கருவிகள் இன்னும் விமானத்தில் இருக்கும்போதே அவற்றின் நிலையைப் பதிவு செய்துவிடுங்கள். ஒரு பெட்டி கழற்றப்பட்டு மேசைக்கு வந்துவிட்டால், அது ஓடிக்கொண்டிருந்ததற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்காது. 430டபிள்யூ-வை இயக்கியதும் மென்பொருள் பதிப்பைக் காட்டும் பக்கம், செயற்கைக்கோள் பக்கம், திரையின் ஒளி, ஒவ்வொரு பொத்தானும் வேலை செய்வது ஆகியவற்றைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேஎக்ஸ் 155-இல் கோபுரத்தோடு பேசி வானொலிச் சோதனை செய்து, வழிகாட்டிப் பகுதியை ஒரு விஓஆரில், அதாவது தரையிலுள்ள வழிகாட்டி வானொலி நிலையத்தில், வைத்துப் பார்த்து, அதையும் பதிவு செய்யுங்கள். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள பாகஎண்ணையும் வரிசை எண்ணையும் தெளிவாகப் படம் எடுங்கள்.

பாகஎண்ணை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் மின்னழுத்தம். செஸ்னா 172என் 1977ஆம் ஆண்டு மாதிரியில் 14 வோல்ட்டாக இருந்து, 1978 முதல் 28 வோல்ட்டுக்கு மாறியது. கேஎக்ஸ் 155 இரண்டு வகையாகவும் வந்தது. உங்களுடையது 28 வோல்ட் வகையாகவே இருக்கும். 14 வோல்ட் விமானம் வைத்திருப்பவருக்கு அது உதவாது. 430 குடும்பத்திலும் காம் (பேச்சு வானொலி) பகுதி 28 வோல்ட்டை மட்டும் ஏற்கும் வகையும் உண்டு, இரண்டையும் ஏற்கும் வகையும் உண்டு. பாகஎண்ணைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். விளம்பரத்தில் இதை எழுதாமல் விட்டுவிட்டு, பெட்டி வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் எங்கள் கடையில் ஏராளம்.

அடுத்தது காகிதம். உண்மையைச் சொன்னால், பழைய ஏவியானிக்ஸ் சந்தையில் விலை பெட்டிக்குக் கிடைப்பதைவிட அதனோடு வரும் சான்றிதழுக்கே அதிகம் கிடைக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்பு நிலையம் ஒன்று கருவியைச் சோதனை மேசையில் வைத்துப் பார்த்து வெளியீட்டுச் சான்றிதழ் தந்தால், அது அமெரிக்காவின் எஃப்ஏஏ 8130-3 ஆக இருந்தாலும் ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ படிவம் 1 ஆக இருந்தாலும், அதன் நிலைக் கட்டத்தில் 'சோதிக்கப்பட்டது', 'பழுதுபார்க்கப்பட்டது', 'ஓவர்ஹால் செய்யப்பட்டது' என்று எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்குபவரின் நிறுவனம் அதைச் சான்றளிக்கப்பட்ட விமானத்தில் பொருத்தத் துணியும். சான்றிதழ் இல்லாத பெட்டி 'கழற்றிய நிலையில்' என்ற வகையில்தான் விற்கும். வாங்குபவர் சோதனைச் செலவையும் ஆபத்தையும் தன் கணக்கில் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். ஆனால் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்க வேண்டாம். 430டபிள்யூ-வுக்கு வாங்கலாம். கேஎக்ஸ் 155-க்கு அந்த மங்கலான எண்ணை முதலில் பார்க்க வேண்டும். அதன் வாயு மின்னிறக்கத் திரை தேய்ந்துகொண்டே போகும், மாற்றுவது செலவு. கேடி 76ஏ-வுக்கும் கேஆர் 87-க்கும் சோதனைக் கட்டணமே விற்பனைத் தொகையை விழுங்கிவிடும்.

எவை எவற்றைச் சேர்த்து விற்க வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. கேஎக்ஸ் 155-க்குள் விஓஆர் சமிக்ஞையை ஊசியின் அசைவாக மாற்றும் பகுதி கிடையாது. அது கேஐ 209-க்குள் இருக்கிறது. இரண்டையும் பிரித்து விற்றால் இரண்டுமே விலையிழக்கும். 430டபிள்யூ-வின் ட்ரே (பெட்டியைச் செருகும் சட்டம்), பின்தகடு, கனெக்டர்கள், தரவு அட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஜிடிஎன் 650எக்ஸ்ஐ-யும் 430-உம் 2.65 அங்குல உயரம்தான் என்றாலும் ட்ரேயும் கனெக்டரும் வேறு. எனவே பழைய ட்ரே எப்படியும் வெளியே வந்துவிடும். ஏவிடைன் ஐஎஃப்டி 440 பொருத்துபவர்களுக்குத்தான் பழைய ட்ரே விமானத்திலேயே தேவைப்படும். உங்கள் 430டபிள்யூ-வின் ஆண்டெனா ஜிஏ 35 வகையாக இருந்தால் அதைப் புதிய கருவியோடும் பயன்படுத்தலாம். அதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்காதீர்கள்.

கேடி 76ஏ-வைப் பற்றி ஆசை வைக்க வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளில் ஏடிஎஸ்-பி அவுட், அதாவது விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் முறை, கட்டாயமானதையொட்டிப் பலர் பழைய டிரான்ஸ்பாண்டர்களைக் கழற்றினார்கள். கேவிட்டிக் குழலோடு இயங்கும் அந்தப் பழைய பெட்டிகள் இன்று அங்கே மலிந்து கிடக்கின்றன.

நிறுவனம் சொல்லும் மாற்றுத் தொகையை ஒட்டுமொத்தமாக ஏற்காமல், எந்தப் பெட்டிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது எதைக் கொடுப்பது, எதை வெளியில் விற்பது என்பது தானாகவே விளங்கும்.

---

லெனேசியா கட்டுநர் எழுதியது:

வாங்குபவரின் பக்கத்திலிருந்து சில சொற்கள். நான் வேன்ஸ் ஆர்வி-7 ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இசட்யூ பதிவில், அதாவது வகைச்சான்று (வடிவமைப்புக்கான அரசு ஒப்புதல்) பெறாத விமானங்களுக்கான பதிவில், வரப்போகும் விமானம். இந்த நாட்டில் உங்கள் கருவிகளை வாங்க முன்வருபவர்களில் என்னைப் போன்றவர்களே பெரும்பாலோராக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏனெனில் வகைச்சான்று பெறாத விமானத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் துணை வகைச்சான்று (மாற்றம் செய்வதற்கான ஒப்புதல்) தேட வேண்டியதில்லை. அதற்காக எதையும் எப்படியும் பொருத்திவிடலாம் என்று பொருளல்ல. அங்கீகரிக்கப்பட்ட நபர் வேலையைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். டிரான்ஸ்பாண்டரையும் உயரமானியையும் உரிய முறையில் சோதிக்கவும் வேண்டும்.

என் விமானம் 14 வோல்ட். ஆகவே உங்கள் கேஎக்ஸ் 155 எனக்கு வேண்டாம். மின்னழுத்தம் உயர்த்தும் பெட்டி ஒன்றை இடையில் வைத்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். பழுதடையக்கூடிய இன்னொரு பொருளைப் பேனலுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் வேலை அது. 430டபிள்யூ-வைப் பற்றி நான் கேட்பது இவைதான்: எந்த விமானத்திலிருந்து கழற்றப்பட்டது, கழற்றியதற்கான பதிவேட்டுக் குறிப்பு உண்டா, வரிசை எண் அந்தக் குறிப்போடு ஒத்துப்போகிறதா. விமானங்களின் பேனலிலிருந்து கருவிகள் திருடுபோவது இந்த நாட்டில் புதிதல்ல. தகடு சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். நிறுவனங்கள் வாங்கும்போது உங்கள் அடையாள அட்டையின் நகலைக் கேட்டால் தவறாக எண்ணாதீர்கள். 2009ஆம் ஆண்டின் பழைய பொருட்கள் சட்டத்தின்படி, பழைய பொருட்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் காவல்துறையில் பதிவு செய்துகொண்டு யாரிடமிருந்து வாங்கினோம் என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. 'டபிள்யூ' என்ற அந்த எழுத்துக்கு அமெரிக்காவில் கிடைக்கும் மதிப்பு இங்கே கிடைக்காது. அந்த எழுத்து குறிப்பதும், ஜிபிஎஸ்ஸைத் துல்லியமாக்குவதும், 2003இல் இயங்கத் தொடங்கியதுமான வாஸ் திருத்தச் சமிக்ஞை வட அமெரிக்காவுக்கானது. அதன் பலனான, செங்குத்து வழிகாட்டலோடு கூடிய எல்பிவி இறக்கங்களைத் தென்னாப்பிரிக்காவில் பறக்க முடியாது. வேகமான செயலியும், ஏடிஎஸ்-பி-க்கு இடத்தகவல் தரும் தகுதியும் இங்கேயும் பயன்படும் என்பது உண்மைதான். ஆனாலும் நான் தரக்கூடிய விலை அமெரிக்கர் தரும் விலைக்குச் சமமாக இராது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

---

ஒரிபி உரிமையாளர் எழுதியது:

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஒரிபியில் ஒரு செரோக்கி விமானம் வைத்திருக்கிறேன். ஜெர்மிஸ்டன் அண்ணன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கேஎக்ஸ் 155-ஐ விற்பனைப் பட்டியலில் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. புதிய ஜிடிஎன் தொடுதிரை அணைந்துபோனால், வர்ஜீனியாவுக்கு வடக்கே கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையத்தின் வான்வெளி இருக்கும்போது, உங்களிடம் பேசுவதற்கு என்ன இருக்கும்? கையடக்க வானொலியா? தன் பழக்கமும் வரலாறும் உங்களுக்கு நன்கு தெரிந்த, தனி மின்சுற்றும் தனி ஆண்டெனாவும் உள்ள இரண்டாவது காம் வானொலி ஒன்று பேனலில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சந்தையில் விற்றால் வரும் பணம், அதே தரத்தில் இன்னொரு வானொலியை வாங்கப் போதாது. கேஐ 209-ஐயும் சேர்த்து வைத்துக்கொண்டால், ஜிபிஎஸ் இல்லாத நாளில் விஓஆரும், ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸும் கையில் இருக்கும். இடமும் எடையும் ஒத்துவந்தால் அவற்றை விமானத்திலேயே விட்டுவிடுங்கள் என்பேன்.

எடை குறைய வேண்டுமானால் ஏடிஎஃப் போகட்டும். கேஆர் 87-ஐ எடுக்கும்போது பெட்டியையும் காட்டியையும் மட்டும் எடுத்துவிட்டு, வயிற்றுப் பக்கத்து ஆண்டெனாவையும் அதன் கேபிளையும் அப்படியே விட்டுச் செல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதையும் எடுக்கச் சொல்லி, துளையை முறையாக அடைத்து, கருவிப்பட்டியலையும் எடைச் சமநிலை அறிக்கையையும் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

மைத்துனரின் வெளிநாட்டு விற்பனை யோசனையைப் பற்றி: விற்பது எளிது, திரும்பி வருவதுதான் கடினம். வாங்கியவர் 'வேலை செய்யவில்லை' என்று திருப்பி அனுப்பினால், அந்தப் பெட்டி இறக்குமதிப் பொருளாக நம் சுங்கத்துக்குள் நுழைகிறது. தென்னாப்பிரிக்காவில் இறக்குமதி மீதான வாட் வெறும் 15 விழுக்காடு அல்ல. சுங்க மதிப்போடு 10 விழுக்காட்டைக் கூட்டி, அதன் மேல்தான் 15 விழுக்காடு கணக்கிடப்படுகிறது. அனுப்புவதற்கு முன்பே வரிசை எண்ணோடு டிஏ 65 படிவத்தில் சுங்கத்திடம் பதிவு செய்து முத்திரை வாங்கி வைத்திருந்தால், இது இங்கிருந்து போன அதே பொருள்தான் என்று காட்ட முடியும். பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பும் கருவிகளுக்கும் இதையே செய்கிறோம். இந்த அலைச்சல் 430டபிள்யூ ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும். கேடி 76ஏ-வை அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்புவது கூரியர் நிறுவனத்துக்குச் செய்யும் தானம்.

உள்நாட்டில் தனிநபருக்கு விற்றால் ரசீதில் 'வூட்ஸ்டூட்ஸ்' என்று, அதாவது உள்ளது உள்ளபடி, எழுதிக்கொள்ளலாம். விற்பதைத் தொழிலாகச் செய்யாத உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கடைக்காரருக்கு அது எளிதில் கிடைக்காது. ஆனால் தெரிந்த குறையை மறைத்து விற்பவரை அந்தச் சொல் காப்பாற்றாது. அந்த மங்கலான எண்ணை விளம்பரத்திலும் எழுதுங்கள், ரசீதிலும் எழுதுங்கள்.

பேரம் பேசுவதற்கு ஒரு குறிப்பும் தருகிறேன். வாட் பதிவுள்ள நிறுவனம், பதிவில்லாத உங்களிடமிருந்து பழைய பொருளை வாங்கும்போது, கொடுத்த விலையில் 115-இல் 15 பங்கை உள்ளீட்டு வரியாகக் கோரிக்கொள்ள வரிச்சட்டம் வழிசெய்கிறது. ஆகவே உங்களுக்கு நூறு ராண்ட் கொடுத்தால் நிறுவனத்துக்கு உண்மையில் ஆகும் செலவு ஏறத்தாழ 87 ராண்ட்தான். இதைத் தெரிந்துகொண்டு மேசையில் உட்காருங்கள்.

---

கடலோரப் பொறியாளர் எழுதியது:

டர்பனில் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். எல்லோரும் பெட்டிகளைப் பற்றியே பேசிவிட்டீர்கள். தம்பி எஞ்சினைப் பற்றிக் கேட்ட கேள்விதான் என் பார்வையில் முதல் கேள்வி.

வர்ஜீனியாவின் ஓடுபாதையிலிருந்து இந்தியப் பெருங்கடல் கூப்பிடு தூரம். கதவில்லாத கொட்டகை என்றால் உப்புக்காற்று இரவும் பகலும் உள்ளே போய்வரும். உள்நாட்டு உயர்சமவெளியான ஹைவெல்டின் வறண்ட காற்றில் பல பத்தாண்டுகள் நின்ற செஸ்னாவையும் இங்கே சில ஆண்டுகள் நின்ற செஸ்னாவையும் அருகருகே திறந்து பார்த்தால் எது எது என்று சொல்லத் தெரிந்துவிடும். எம்பிஐ என்பது 100 மணிநேரத்துக்கோ பன்னிரண்டு மாதத்துக்கோ ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அதன்படி. உங்களைப் போல வார இறுதியில் மட்டும் பறப்பவர்களுக்கு நாட்காட்டிதான் முன்னால் வரும். எனவே 'மணிநேரம் குறைவு' என்பதைப் பெருமையாகக் கொள்ள வேண்டாம். கடலோரத்தில் அது நோயின் அறிகுறி.

எஞ்சினுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு 172என் என்றால், பிற்பாடு மாற்றப்படாதவரை, உங்களிடம் இருப்பது லைகோமிங் ஓ-320-எச்2ஏடி. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் டாப்பெட்டுகளும் தேய்வதில் பெயரெடுத்த எஞ்சின் அது. லைகோமிங்கில் கேம் தண்டு கிராங்க் தண்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் வடிந்து அது உலர்ந்துவிடும். அப்புறம் ஈரக்காற்று தன் வேலையைத் தொடங்கும். எல்டபிள்யூ-16702 என்ற சேர்க்கைப்பொருளோ, அது ஏற்கெனவே கலந்த எண்ணெயோ இந்த எஞ்சினுக்குக் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழுப்பாய்வு ஃபில்டர் இருந்தால் 50 மணிநேரம், சல்லடை மட்டும் என்றால் 25 மணிநேரம், எப்படியிருந்தாலும் நான்கு மாதத்துக்கு மேல் எண்ணெயை விடக்கூடாது என்பது லைகோமிங்கின் அறிவுரை. பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளுக்குள் மின்னும் துகள் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

பறக்க நேரமில்லாதபோது தரையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவதை நிறுத்துங்கள். எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெய்க்குள் போய் அங்கேயே தங்கிவிடும். ஓட்டாமல் வைத்திருப்பதைவிட அது மோசம். முப்பது நாளுக்கு ஒருமுறையாவது, எண்ணெய் வெப்பம் 165 முதல் 200 பாரன்ஹீட் வரை இருக்கும்படி, ஒரு மணிநேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். அதற்கும் வாய்ப்பில்லாத மாதங்கள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எஞ்சினைப் பாதுகாப்பு முறையில் மூடி வைக்கச் சொல்லுங்கள்.

ஓவர்ஹாலைப் பொறுத்தவரை, லைகோமிங்கின் 1009ஆம் எண் சேவை அறிவுறுத்தல் இந்த எஞ்சினுக்கு 2000 மணிநேரத்தையும், அதற்குள் எட்டாவிட்டால் பன்னிரண்டாம் ஆண்டையும் எல்லையாகச் சொல்கிறது. தனியார் பயன்பாட்டில் அது உங்களை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதையும், அதற்கு மேல் ஓட்ட என்னென்ன கூடுதல் சோதனைகள் வேண்டும் என்பதையும் உங்கள் ஏஎம்ஓ-விடம், அதாவது அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்திடம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் ஆய்வு, போரோஸ்கோப்பில் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் கருவியில்) சிலிண்டர் பார்வை, அழுத்தச் சோதனை ஆகிய மூன்றின் முடிவும் கையில் வந்த பிறகே பேனலுக்கு முன்பணம் கொடுங்கள். முடிவு மோசமாக இருந்தால், புதிய கருவிகளோடு பறக்க முடியாத விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு இருப்பீர்கள். இந்த எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே உறைக்குள், ஒரே சுழல்தண்டில் இயங்குகின்றன. 500 மணிநேர ஆய்வு தவறியிருந்தால், அதை ஜிடிஎன்னுக்கு முன்னால் செய்யுங்கள்.

பேனலைத் திறக்கப்போகிறார்கள் என்பதில் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. எளிதில் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடங்கள் அப்போது திறந்திருக்கும். கட்டுப்பாட்டுக் கேபிள்கள் கப்பிகளின் மேல் வளையும் இடங்கள், முன் கண்ணாடியின் அடியில் நீர் கசிந்த தடம், தீச்சுவரின் பின்பக்கம், புவியிணைப்புப் பட்டைகள் எல்லாவற்றையும் பொறியாளர் ஒருவர் பார்த்துவிடட்டும். இருக்கைத் தண்டவாளங்களுக்கு 2011-10-09 எண்ணுள்ள தகுதிநிலை ஆணை (பாதுகாப்புக்கான கட்டாய உத்தரவு) இருக்கிறது. எம்பிஐ-யோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இறக்கைக்குள்ளும் வால்பகுதிக்குள்ளும் ஏசிஎஃப்-50 போன்ற துருத்தடுப்புத் திரவத்தைத் தெளிப்பதென்றால் கருவி வேலை முழுவதும் முடிந்த பிறகு தெளிக்கச் சொல்லுங்கள். முன்னால் தெளித்துவிட்டால் கம்பிவேலை செய்பவர் உங்களைச் சபிப்பார்.

வானொலிகளைப் பற்றியும் ஒன்று. கடலோர விமானங்களில் 'வானொலி சரியில்லை' என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது பெட்டியை அல்ல; ஆண்டெனாவின் அடிப்பகுதியையும், கோஆக்ஸ் கேபிளின் முனையையும், ஹெட்செட் செருகும் குழியையும்தான். பச்சை பூத்த கனெக்டரைச் சுத்தம் செய்யாமல் அதன் மேல் புதிய பெட்டியை மாட்டினால், பழைய இரைச்சலை விலையுயர்ந்த பெட்டியில் கேட்கலாம்.

---

வெருலம் வானோடி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மைத்துனரோடு பேசினேன். எஞ்சின் சோதனைகளை முதலில் செய்துவிட்டு, முடிவைப் பொறுத்தே பேனல் வேலைக்கு நாள் குறிப்பது என்று ஒத்துக்கொண்டார். கேஎக்ஸ் 155-ஐயும் கேஐ 209-ஐயும் விமானத்திலேயே வைத்துக்கொள்ளப்போகிறோம். 430டபிள்யூ-வை மட்டும் சான்றிதழோடு வெளியில் விற்பது, மற்றவற்றை நிறுவனத்துக்கே கொடுத்துவிடுவது.

இரண்டு சிறிய சந்தேகங்கள். கருவிகளை நாங்களே கழற்றிவிட்டால் கூலி மிச்சமாகுமா? எங்கள் அவசர இட அறிவிப்பான், அதாவது இஎல்டி, 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய வகை. அதையும் யாராவது வாங்குவார்களா?

---

ஜெர்மிஸ்டன் மின்னணு எழுதியது:

கேஎக்ஸ் 155-ஐ வைத்துக்கொள்வது பற்றி ஒரிபி நண்பர் சொன்னது நியாயம்தான். அந்தத் திரையை நிறுவனத்திடம் காட்டி, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழுவதும் அணைந்த பிறகு மாற்றுவதானால் இரண்டாம் முறையாகப் பேனலைப் பிரிக்கும் கூலியும் சேரும்.

நீங்களே கழற்ற வேண்டாம். அமெரிக்க விதிகள் ட்ரேயில் செருகும் வழிகாட்டி, வானொலிப் பெட்டிகளை உரிமையாளரான விமானியே எடுத்து மாட்ட இடம் தருகின்றன. அங்கும் டிரான்ஸ்பாண்டர் அதில் அடங்காது. இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கே செய்ய முனைபவர்கள் உண்டு. உங்களுடையது இசட்எஸ் பதிவுள்ள, வகைச்சான்று பெற்ற விமானம். ஏஎம்ஓ கழற்றிப் பதிவேட்டில் எழுதினால், லெனேசியா நண்பர் கேட்ட அந்த வரலாற்றுக் குறிப்பும் தானாக உருவாகிவிடும். மிச்சமாகும் கூலியைவிட 430டபிள்யூ-வின் விலையில் அது கூடுதலாகவே திரும்பி வரும்.

இஎல்டி-யை விற்க நினைக்காதீர்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதில்லை. பேட்டரியை முறைப்படி அப்புறப்படுத்திவிட்டு, பேனல் திறந்திருக்கும்போதே 406 மெகாஹெர்ட்ஸ் வகை ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். முன்பக்கச் சுவிட்சுக்கான கம்பியை அப்போது இழுப்பது எளிது. பழையதாக ஒரு 406-ஐ வாங்குவதானால், அதற்குள் முந்தைய விமானத்தின் குறியீடு பதிந்திருக்கும். அதை அழித்து, தென்னாப்பிரிக்காவின் நாட்டு எண்ணான 601-இல் தொடங்கி உங்கள் விமானத்துக்குரியதைப் பதிய வேண்டும். புதிய மோட் எஸ் டிரான்ஸ்பாண்டரின், விமானத்தை அடையாளம் காட்டும் 24 பிட் முகவரிக்கும் இதுவே பொருந்தும்; வேலை முடிந்து விமானத்தைத் திரும்பப் பெறும் அன்றே, சோதனை அறிக்கையில் உள்ள முகவரியும் உங்கள் பதிவுக்கு விமானப் போக்குவரத்து ஆணையம் ஒதுக்கிய முகவரியும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.